ஒரு லிட்டர் டர்போ போலோவுக்குத் திருநெல்வேலியில் செய்த ரீமேப்: பதினொரு மாத அனுபவம்

என்னுடைய வண்டி 2021-இல் வாங்கிய ஃபோக்ஸ்வேகன் போலோ. 999 சிசி, மூன்று சிலிண்டர், டர்போ பொருத்திய டிஎஸ்ஐ பெட்ரோல் இன்ஜின், ஆறு கியர் மேனுவல். நிறுவனத்தின் கணக்கில் 110 குதிரைத்திறனும், 1750 முதல் 4000 ஆர்பிஎம் (நிமிடச் சுழற்சி) வரை 175 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசையும் கொண்டது. நான்கு ஆண்டு வாரண்டி முடிந்த மறுமாதம், வைகாசிக் கடைசியில், இதன் ஈசியுவை (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினி) ரீமேப் செய்துகொண்டேன்; அதாவது அதில் உள்ள மென்பொருளை மாற்றி எழுதச் செய்தேன். அதன்பின் ஏறத்தாழ 15,000 கிலோமீட்டர் ஓட்டியாகிவிட்டது. வேலை முடிந்த அன்று மாலையே எழுதியிருந்தால் வெறும் பாராட்டாகத்தான் எழுதியிருப்பேன். இடையில் ஒரு கோளாறு நேர்ந்தது. அது திருத்தப்பட்ட விதத்தைப் பார்த்த பிறகுதான் இந்த வேலையின் உண்மையான மதிப்பு எனக்குப் புரிந்தது. ஆகவேதான் இத்தனை மாதம் பொறுத்து எழுதுகிறேன்.

ரீமேப் செய்தவர் கோயம்புத்தூர்க்காரர். மாதம் இருமுறை பெருமாள்புரத்தில் உள்ள ஒரு ஒர்க் ஷாப்புக்கு வந்து, முன்பதிவு செய்த வண்டிகளைப் பார்த்துவிட்டுப் போகிறார். அவருடைய பெயரையும் ஒர்க் ஷாப்பின் பெயரையும் இங்கே குறிப்பிடவில்லை. சட்டம் தொடர்பாகப் பின்னால் சொல்லப்போகும் செய்தியே அதற்குக் காரணம்.

எனக்கு இது ஏன் தேவைப்பட்டது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். வீடு பாளையங்கோட்டையில்; பெற்றோர் அம்பாசமுத்திரத்தில்; வேலை நிமித்தமாக மாதம் மூன்று நான்கு முறை செங்கோட்டை, புளியரை வழியாகப் புனலூர் போய்வர வேண்டும். பேட்டை, சேரன்மகாதேவி, வீரவநல்லூர், கல்லிடைக்குறிச்சி என்று அம்பை போகும் சாலையில் போய் வந்தவர்களுக்கு அதன் சிரமம் தெரியும். இருபுறமும் வயல், ஊருக்கு ஊர் வளைவு. அறுவடைக் காலமானால் நெல் அறுக்கும் இயந்திரங்களும் வைக்கோல் ஏற்றிய டிராக்டர்களும் சாலையை அடைத்துக்கொண்டு போகும். முந்துவதற்குக் கிடைக்கும் வெளி குறைவு, கிடைத்தாலும் சில நொடிகள்தான். அந்த நேரத்தில் என் வண்டி மூன்றாவது கியரில் 1600 ஆர்பிஎம்மில் இருந்தால், ஆக்சிலரேட்டரை அழுத்திய பிறகு டர்போ விழித்துக்கொள்வதற்குள் அந்த வெளியில் பாதி போய்விடும். இரண்டாவது கியருக்கு இறக்கினால் இன்ஜின் கத்துமே தவிர, அடுத்த கணமே மூன்றுக்கு மாற்ற வேண்டிவரும். எனக்கு 180 கிலோமீட்டர் வேகம் வேண்டாம். 50-இலிருந்து 90-க்குப் போகும் அந்த இடைவெளியில் தயக்கமில்லாத இழுவை வேண்டும். ரீமேப் செய்யப் போகிறவர் தமக்கு என்ன வேண்டும் என்பதை இப்படி ஒரு வரியில் சொல்லத் தெரிந்துகொண்டு போவது நல்லது. "நல்லா பிக்கப் வேணும்" என்று மட்டும் சொன்னால், செய்பவர் தமக்குத் தெரிந்த பெரிய எண்ணைப் போட்டு அனுப்பிவிடுவார்.

ரீமேப் என்பது இன்ஜினில் எந்தப் பாகத்தையும் மாற்றுவது அல்ல. நாம் மிதிக்கும் ஆக்சிலரேட்டருக்கும் இன்ஜினுக்கும் இடையில் இப்போது கம்பி கிடையாது. மிதியின் அளவை ஈசியு படித்து, "இத்தனை முறுக்குவிசை கேட்கிறார்" என்று எடுத்துக்கொள்கிறது; அதற்கு எவ்வளவு காற்று வேண்டும், டர்போவின் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் வேஸ்ட்கேட் எவ்வளவு மூடியிருக்க வேண்டும், 250 பார் வரையிலான அழுத்தத்தில் சிலிண்டருக்குள் நேரடியாகத் தெளிக்கப்படும் பெட்ரோலின் அளவு என்ன, பிளக் எப்போது பொறி விட வேண்டும் என்பதையெல்லாம் அதனுள் எழுதிவைத்த அட்டவணைகளைப் பார்த்து முடிவு செய்கிறது. அந்த அட்டவணைகளின் தொகுப்பைத்தான் மேப் என்கிறார்கள். நிறுவனம் அதை எழுதும்போது ராஜஸ்தான் வெயில், லடாக் குளிர், தரம் குறைந்த பெட்ரோல், ஆயில் மாற்ற மறக்கும் உரிமையாளர் என எல்லோரையும் மனத்தில் வைத்து, எல்லைகளைத் தாழ்வாகவே அமைக்கிறது. ஐரோப்பாவில் இதே குடும்பத்து ஒரு லிட்டர் டிஎஸ்ஐ, 95 குதிரைத்திறனுக்கு 175 நியூட்டன் மீட்டர் என்றும், 115 குதிரைத்திறனுக்கு 200 நியூட்டன் மீட்டர் என்றும் இரு வகையாக விற்கப்பட்டது. இங்கே பின்னால் வந்த விர்டஸ், டைகுன் வண்டிகளில் 115 குதிரைத்திறன், 178 நியூட்டன் மீட்டர். ஆகவே இந்த இன்ஜினில் இன்னும் கொஞ்சம் எடுக்க இடம் இருக்கிறது என்பது உண்மை. அந்தக் கொஞ்சம் எவ்வளவு என்பதில்தான் செய்பவரின் திறமை இருக்கிறது.

அன்று காலை எட்டு மணிக்கே வரச் சொல்லியிருந்தார். லேப்டாப்பைத் திறப்பதற்கு முன்பே ஒரு மணி நேரம் வண்டியைப் பரிசோதித்தார். ஸ்டியரிங்குக்குக் கீழே, வண்டியின் கணினியோடு இணைய உள்ள ஓபிடி சாக்கெட்டில் கருவியைச் செருகிப் பழைய பிழைக் குறிப்புகள் ஏதும் இருக்கின்றனவா என்று பார்த்தார். காற்றுக் குழாய்களின் இணைப்புகளில் எண்ணெய்க் கசிவு இருக்கிறதா என்று கைவிரலால் தடவிப் பார்த்தார். வண்டி 43,000 கிலோமீட்டர் ஓடியிருந்தது. மூன்று பிளக்குகளையும் கழற்றி வரிசையாக ஒரு துணியின் மேல் வைத்தார். முதல் இரண்டும் வெளிர் பழுப்பாக இருந்தன. மூன்றாவது சற்று வெளுத்து, அதன் முனை கூர் மழுங்கி, இடைவெளி மற்றவற்றைவிட அகன்றிருந்தது. அழுத்தம் கூடும்போது அந்த அகன்ற இடைவெளியில் பொறி தாண்டாமல் தவறும் என்று விளக்கி, மூன்றையும் மாற்றாமல் வேலையைத் தொடங்க மாட்டேன் என்று சொல்லிவிட்டார். ஒர்க் ஷாப் அண்ணாச்சி வண்ணார்பேட்டைக்கு ஆளனுப்பிப் புதிய பிளக் வாங்கிவரச் செய்தார். இதில் ஒன்றரை மணி நேரம் போனது. ஆனால் அவர்மேல் எனக்கு முதல் நம்பிக்கை வந்தது அப்போதுதான்.

பிறகு பழைய மேப்புடனேயே வண்டியை நான்குவழிச் சாலைக்குக் கொண்டுபோய், அவர் பக்கத்து இருக்கையில் லேப்டாப்பை மடியில் வைத்துக்கொள்ள, நான் ஓட்டினேன். நான்காவது கியரில் 60-இலிருந்து 100 வரை முழு ஆக்சிலரேட்டரில் மூன்று முறை. சராசரி 8.6 நொடி. இந்த அளவை எடுக்காமல் ரீமேப் செய்யும் இடத்தில் வண்டியைக் கொடுக்காதீர்கள். முன்பு எப்படி இருந்தது என்பது எழுத்தில் இல்லையென்றால், பின்பு எப்படி இருக்கிறது என்பதற்கு நம் மனக்கிளர்ச்சியைத் தவிர வேறு சான்று இருக்காது.

திரும்பி வந்து மேப்பை எழுதும் வேலை. அதற்கு முன் பேட்டரியில் ஒரு சார்ஜரை இணைத்து, அந்தச் சார்ஜரை ஒர்க் ஷாப்பின் இன்வெர்ட்டர் லைனில் போடச் சொன்னார். பாதியில் கரண்ட் போய் மின்னழுத்தம் விழுந்தால், எழுதிக்கொண்டிருக்கும் ஈசியு உயிரற்ற பெட்டியாகிவிடும் என்பது காரணம். கதவுகளைத் திறக்கக் கூடாது, ஏசி, விளக்கு எதையும் தொடக் கூடாது. எழுதத் தொடங்கியதும் மீட்டரில் இருந்த எச்சரிக்கை விளக்குகள் மொத்தமாக எரிந்தன. இன்ஜின் ஓடாத நிலையிலேயே ரேடியேட்டர் விசிறி முழு வேகத்தில் சுழன்றது. தெரியாதவர் பார்த்தால் பதறிப்போவார்; அது அப்படித்தான் இருக்கும் என்று அவர் முன்பே சொல்லிவைத்திருந்ததால் நான் அமைதியாக நின்றேன். முப்பத்தைந்து நிமிடத்தில் முடிந்தது.

எவ்வளவு ஏற்றுவது என்பதில் அவர் என்னிடம் இரண்டு வழிகளை வைத்தார்: நிதானமான மேப், வலுவான மேப். வலுவானதைப் போட்டால் பழைய கிளட்ச் தாங்குமா என்பது வண்டிக்கு வண்டி மாறும் என்றும் சொன்னார். நான் வலுவானதைத் தேர்ந்தேன். ஈசியுவே கணக்கிட்டுக் காட்டிய மதிப்பீட்டின்படி 138 குதிரைத்திறன், 232 நியூட்டன் மீட்டர். திருநெல்வேலியில் இதற்கு, சக்கரத்தில் வரும் திறனை அளக்கும் டைனோவில் வண்டியை ஏற்றி அளக்கவில்லை. ஆகவே இவை இன்ஜின் தன்னைப் பற்றித் தானே சொல்லும் எண்கள், சக்கரத்தில் அளந்த எண்கள் அல்ல என்பதை நினைவில் வைத்துப் படியுங்கள். நொடிக்கணக்கோ ஏமாற்றாது: அதே சாலையில், அதே கியரில், 60-இலிருந்து 100-க்கு 6.3 நொடி. 2000 ஆர்பிஎம்மைத் தாண்டியதும் முதுகு இருக்கையில் அழுந்தும் அளவுக்கு வண்டி பாய்ந்தது. அன்று மாலை சேரன்மகாதேவிச் சாலையில் ஒரு பேருந்தை முந்திவிட்டு, அது கண்ணாடியில் எவ்வளவு பின்னால் இருக்கிறது என்று பார்த்தபோது எனக்கு வந்த மகிழ்ச்சியை மறைக்க விரும்பவில்லை.

மறுநாள் நடுப்பகல் இரண்டு மணிக்கு இன்னொரு முறை ஓட்டி அளக்க வேண்டும் என்று அவரே வற்புறுத்தி வரச் சொன்னார். காலைக் குளிர்ச்சியில் நன்றாக இருக்கும் மேப், பாளையங்கோட்டையின் வைகாசி வெயிலில் வேறு மாதிரி நடந்துகொள்ளும். இந்த இன்ஜினில் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலர் முன்பக்கக் கிரில்லில் இல்லை. காற்று உள்ளே போகும் மேனிபோல்டிலேயே பொதிந்து, தனிக் குளிர்நீர்ச் சுற்றால் குளிர்விக்கப்படுகிறது. தொடர்ந்து நான்கைந்து முறை முழு ஆக்சிலரேட்டர் கொடுத்தால் அந்த நீரும் சூடாகி, உள்ளே போகும் காற்றின் வெப்பம் ஏறிவிடும். சூடான காற்று, கூடுதல் அழுத்தம் இரண்டும் சேர்ந்தால் பிளக் விட்ட பொறியிலிருந்து முறைப்படி எரிந்து முடிவதற்குள் பெட்ரோல் ஆங்காங்கே தானாக வெடிக்கத் தொடங்கும்; அதுதான் நாக்கிங். நாக் சென்சார் அதைக் கேட்டு, பொறிவிடும் நேரத்தைத் தாமதப்படுத்தி இன்ஜினைக் காப்பாற்றும். அன்று நடுப்பகலில் மூன்றாவது சிலிண்டரில், இன்ஜின் சுழலும் கோணக் கணக்கில், நான்கு டிகிரிக்கு மேல் தாமதப்படுத்தியிருந்தது லேப்டாப்பில் தெரிந்தது. அவர் அதைப் பார்த்து, 3000 ஆர்பிஎம்மைச் சுற்றியுள்ள பகுதியில் அழுத்தத்தையும் பொறி நேரத்தையும் கொஞ்சம் இறக்கி மீண்டும் எழுதினார். இந்த இரண்டாம் நாள் வேலைக்குத் தனிக் கட்டணம் கேட்கவில்லை. எங்கோ ஒரு குளிர்ந்த ஊரில் எழுதிய மேப்பை இறக்கி, அப்படியே ஏற்றி, இருபது நிமிடத்தில் அனுப்பிவைக்கும் ஆட்களிடமிருந்து இவரைப் பிரித்துக்காட்டுவது இதுதான்.

கோளாறு வந்தது ஆனி மாதம். நாகர்கோவிலில் ஒரு கல்யாணத்துக்குப் பெற்றோர், மனைவி உடன் வரப் போய்க்கொண்டிருந்தோம். நாங்குநேரி, வள்ளியூர், பணகுடி வரை ஒன்றும் இல்லை. காவல்கிணற்றில் திரும்பி ஆரல்வாய்மொழிக் கணவாயை நோக்கிப் போகும்போது, ஆனி ஆடிக் காற்று நேர் எதிரே வந்து மோதும். இத்தனை காற்றாலைகள் அங்கே நிற்பதற்குக் காரணமான அதே காற்று. வண்டியில் நான்கு பேர், பின்னால் சீர்வரிசைப் பாத்திரங்கள், ஐந்தாவது கியர், சுமார் 2200 ஆர்பிஎம். முன்னால் போன லாரியை முந்த ஆக்சிலரேட்டரை அழுத்தினேன். இன்ஜின் முள் 2900-க்குத் தாவியது; வேகமானி இருந்த இடத்திலேயே இருந்தது. காலைத் தளர்த்தியதும் முள் இறங்கி மீண்டும் பொருந்திக்கொண்டது. மறுபடி அழுத்தினேன், மறுபடி அதேபோல் முள் மட்டும் ஏறியது. "என்னமோ தீஞ்ச வாடை வருதே" என்றார் அம்மா பின்னாலிருந்து. முப்பந்தல் இசக்கி அம்மன் கோயில் முன்னால் ஒதுக்கி நிறுத்திவிட்டு இறங்கினேன். பிரேக் லைனிங் கருகியது போன்ற நெடி முன்சக்கரப் பக்கத்திலிருந்து வந்துகொண்டிருந்தது. கிளட்ச் வழுக்குகிறது என்பது புரிந்தது. மீதித் தொலைவை நான்காவது கியரில், ஆக்சிலரேட்டரைப் பாதிக்கு மேல் மிதிக்காமல் ஓட்டிப் போய்ச் சேர்ந்தோம்.

அன்றிரவே கோயம்புத்தூர்க்காரரிடம் தொலைபேசியில் சொன்னேன். அவர் சாக்குப்போக்கு எதுவும் சொல்லவில்லை. தாம் வரும்வரை 2000-இலிருந்து 3500 ஆர்பிஎம் வரை முழு ஆக்சிலரேட்டர் கொடுக்க வேண்டாம் என்று எச்சரித்து, அடுத்த வருகையில் முதல் வண்டியாக என்னுடையதை எடுத்துக்கொண்டார். சாலையில் ஓட்டி, லேப்டாப்பில் எடுத்த பதிவை ஒர்க் ஷாப் மேசைமேல் விரித்துக் காட்டினார். இன்ஜினின் சுழற்சிக்கு ஒரு கோடு, சக்கரத்தின் வேகத்துக்கு ஒரு கோடு. ஒரே கியரில் இருக்கும்வரை இரண்டும் இரட்டை மாட்டு வண்டி போல இணையாகவே ஏற வேண்டும். 2300-க்குப் பக்கத்தில் இன்ஜின் கோடு மட்டும் வயிறு தள்ளியது போல மேலே புடைத்து, பிறகு இறங்கிப் பழைய கோட்டோடு சேர்ந்தது. "இங்க பாருங்க சார், இந்த இடத்துல இன்ஜின் மட்டும் ஓடுது, வண்டி ஓடலீங்க" என்றார்.

கிளட்ச் பிளேட்டை வலுவானதாக மாற்றிவிடலாமா என்று நான் கேட்டபோது, அதுவரை பேசாமல் பக்கத்தில் நின்ற ஒர்க் ஷாப் அண்ணாச்சிதான் குறுக்கிட்டார். "கிளட்ச் மாத்துறது பெரிசில்ல தம்பி. அதுக்குப் பின்னால இருக்க கியர் பாக்ஸும் தாங்கணும்லா?" அவர் சொன்னதில் பொருள் இருக்கிறது. இந்த வண்டியில் உள்ளது எம்கியூ200 என்னும் கியர் பாக்ஸ். அந்தப் பெயரில் உள்ள 200, அது ஏறக்குறைய எத்தனை நியூட்டன் மீட்டருக்காக வடிவமைக்கப்பட்டது என்பதைக் குறிப்பது. அதன்மேல் 232-ஐ ஏற்றி வைத்திருந்தோம். கிளட்ச் வழுக்கியது ஒரு வகையில் கியர் பாக்ஸ் பற்களைக் காப்பாற்றியிருக்கிறது. வலுவான கிளட்ச் போட்டிருந்தால் அந்த விசை முழுவதும் அடுத்த பலவீனமான இடத்துக்குப் போயிருக்கும்.

கோயம்புத்தூர்க்காரர் புதிதாக எழுதிக்கொடுத்த மேப்பில் உச்ச முறுக்குவிசை 205. முன்பு மலையுச்சி போல 2300-இல் எழுந்து சரிந்த கோடு, இப்போது 2000-இலிருந்து 4500 வரை மேசைபோலச் சமமாக ஓடுகிறது. குதிரைத்திறன் 130-ஐ ஒட்டி. 1800-க்குக் கீழே நிறுவனம் கொடுத்த அளவைவிட ஒரு நூலிழைதான் கூடுதல். அதற்கு மேல் கொடுக்க மறுத்துவிட்டார். சிறிய, நேரடித் தெளிப்பு டர்போ இன்ஜின்களில் குறைந்த சுழற்சியில் அதிக அழுத்தம் கொடுத்தால், பிளக் பொறிவிடுவதற்கு முன்பே எரிபொருள் பற்றிக்கொள்ளும் ஆபத்து உண்டு. அது சாதாரண நாக்கிங் போலப் படிப்படியாக வருவதல்ல, சில முறை நேர்ந்தாலே பிஸ்டனை உடைக்கக் கூடியது. ஆறாவது கியரில் 1400 ஆர்பிஎம்மில் போய்க்கொண்டிருக்கும்போது ஆக்சிலரேட்டரைத் தரையோடு அழுத்தும் பழக்கம் உள்ளவர்கள், ரீமேப் செய்திருந்தாலும் இல்லாவிட்டாலும், அதை இன்றே விட்டுவிட வேண்டும்.

குறைத்த மேப்பின் நொடிக்கணக்கு 7.1. முதல் மேப்பைவிட முக்கால் நொடிக்கு மேல் கூடுதல், பழைய நிலையைவிட ஒன்றரை நொடி குறைவு. ஆனால் ஓட்டும்போது எனக்கு இதுதான் மேலான வண்டியாகத் தெரிகிறது. முதல் மேப்பில் 2300-இல் ஒரு தள்ளு, அதன்பின் ஒரு தொய்வு. ஈரச் சாலையில் முன்சக்கரம் சீறிச் சுழலும். தென்காசிச் சாரலில் நனைந்த தாரில் மூன்றாவது கியரிலேயே பிடி தளர்ந்தது ஒருமுறை எனக்கு நேர்ந்திருக்கிறது. இப்போது இழுவை காலுக்குக் கீழே சீராக விரிகிறது. எவ்வளவு மிதித்தால் எவ்வளவு வரும் என்பது முன்கூட்டியே தெரிகிறது. முந்தும்போது வேண்டியது அந்தத் தெரிவுதான். அதே ஆனிக் காற்றில், அதே ஆட்களோடு மீண்டும் காவல்கிணற்றிலிருந்து ஆரல்வாய்மொழி போய்ப் பார்த்தேன். முள்ளும் வேகமும் ஒன்றாகவே ஏறின. நெடி இல்லை.

மைலேஜ் பற்றி எல்லோரும் கேட்கிறார்கள். ரீமேப் செய்தால் மைலேஜ் கூடும் என்று அவருடைய விளம்பர அட்டையிலும் எழுதியிருக்கிறது. என் அனுபவத்தில் அது நடக்கவில்லை. நான்குவழிச் சாலையில் 90-இல் சீராகப் போனால் முன்பு 18.5 கிடைத்தது, இப்போதும் 18.5. புதிய இழுவையை அனுபவிக்கலாம் என்று மிதித்தால் 13-க்கு இறங்கும். இதில் இன்னொரு குழப்பமும் இருக்கிறது. இப்போது பெட்ரோல் பங்குகளில் கிடைப்பது பெரும்பாலும் 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல். ஒரு லிட்டர் எத்தனாலில் உள்ள ஆற்றல், ஒரு லிட்டர் பெட்ரோலில் உள்ளதைவிட ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைவு. ஆகவே ரீமேப் செய்யாத வண்டியிலும் மைலேஜ் சற்று இறங்கத்தான் செய்யும். அந்தப் பழியை மேப்பின்மேல் போடுவதும், எத்தனால் இல்லாத காலத்து எண்ணோடு ஒப்பிட்டுக் குறைகூறுவதும் நியாயமல்ல. நாக்கிங்கைத் தாங்கும் தன்மை எத்தனாலுக்கு அதிகம் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். நான் பெரும்பாலும் 95 ஆக்டேன் என்று விற்கப்படும் பெட்ரோலையே, கூட்டம் அதிகமாக வந்துபோகும் ஒரே பங்கில் போடுகிறேன். பதிவில் பொறி நேரத் தாமதம் இப்போது இரண்டு டிகிரியைத் தாண்டுவதில்லை.

சட்டம் பற்றி மழுப்பாமல் எழுத வேண்டும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறிப்பிட்ட விவரங்களிலிருந்து பதிவுச் சான்றில் உள்ளவை மாறுபடும்படி வண்டியை மாற்றியமைக்கக் கூடாது என்கிறது. 2019 திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவு, அனுமதியற்ற மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ விதிக்க இடம் தருகிறது. மென்பொருளை மாற்றியது வெளியே தெரியாது என்பது அதைச் சட்டப்படி சரியாக்கிவிடாது. நான் காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுத்து மூலம் தெரிவித்து, கூடுதல் பிரீமியம் கட்டி, அவர்கள் ஒப்புக்கொண்ட கடிதத்தை வைத்திருக்கிறேன். சொல்லாமல் விட்டு, நாளை ஒரு விபத்தில் எதிரில் வந்தவரின் குடும்பம் இழப்பீட்டுக்காக அலையும் நிலை வந்தால் அதற்கு நான்தான் பொறுப்பு. வாரண்டியில் உள்ள வண்டிக்கு இதைச் செய்ய வேண்டாம். மேப் மாற்றப்பட்டதை ஃபோக்ஸ்வேகன் கணினி கண்டுபிடித்துக் குறித்துவைத்தால் இன்ஜின், கியர் பாக்ஸ் தொடர்பான எதையும் இலவசமாகச் செய்து தர மாட்டார்கள். சர்வீஸுக்கு விடும்போது ஈசியு மென்பொருளைப் புதுப்பிக்க வேண்டாம் என்று வேலைச்சீட்டில் எழுதி வாங்குவதும் அவசியம். புதுப்பித்தால் நாம் காசு கொடுத்த மேப் அழிந்துபோகும்.

நான் காத்திருந்த அன்று கல்லூரி வயதுப் பையன் ஒருவன் வந்து, ஆக்சிலரேட்டரை விட்டதும் சைலன்சரில் பட்டாசு போல வெடிக்க வேண்டும், புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரையும் எடுத்துவிட வேண்டும் என்று கேட்டான். பொறியைத் தாமதப்படுத்தி, எரியாத பெட்ரோலை வெளியே விட்டு, புகைபோக்கியில் எரியவைப்பதுதான் அந்தச் சத்தம். டர்போவையும் கன்வெர்ட்டரையும் வேகமாகக் கெடுக்கும் வேலை. இரண்டையும் செய்ய மாட்டேன் என்று சொல்லிக் கோயம்புத்தூர்க்காரர் அவனை அனுப்பிவிட்டார். ஆயிரக்கணக்கில் வரும் வருமானத்தை ஒருவர் கண்முன்னால் வேண்டாமென்று சொல்வதைப் பார்த்தது எனக்கு நிறைவாக இருந்தது. என் வண்டியின் புகைச் சான்று ரீமேப்புக்குப் பிறகும் தடையின்றிக் கிடைத்தது.

குறைகளும் உண்டு. கிளட்ச் தாங்குமா என்பதை என் விருப்பத்துக்கு விட்டிருக்கக் கூடாது. கோட்டில் புடைப்பு தெரிகிறதா என்பதை முதல் நாளே அளந்து பார்த்திருக்கலாம். மேப்பை எழுதத் தெரிந்தவருக்கு கியர் பாக்ஸின் வரம்பும் தெரியும், வாடிக்கையாளருக்கு அது தெரியாது. எந்த மேப், எந்தத் தேதி, என்ன எண்கள் என்று எழுதிய சீட்டு எதுவும் தரவில்லை. நான் கேட்ட பிறகே பழைய மேப்பின் நகலையும் புதியதையும் பென் டிரைவில் கொடுத்தார். கட்டணம் 28,000 ரூபாய், பிளக்குகள் தனி. திருத்தி எழுதியதற்கு ஒரு ரூபாயும் வாங்கவில்லை. மாதம் இரண்டு நாள் மட்டுமே வருகிறார் என்பதால், கோளாறு வந்தால் இரண்டு வாரம் பொறுக்க வேண்டியிருக்கும் என்பதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

போன வாரம் புனலூர் போகும்போது, புளியரை மலைப்பாதையின் எஸ் வளைவில் கல் ஏற்றிய லாரிகள் வரிசையாக ஊர்ந்துகொண்டிருந்தன. முன்பெல்லாம் அந்த இடத்தில் முதல் கியருக்கும் இரண்டாவதற்கும் மாறிமாறி இடதுகால் வலித்துப்போகும். இப்போது இரண்டாவது கியரிலேயே, ஏசியை அணைக்காமல், அவற்றின் பின்னால் நிதானமாக ஏறி, மேலே சாலை நிமிர்ந்து எதிரே வெளி தெரிந்ததும் மூன்றாவதில் போட்டு இரண்டு லாரிகளைத் தாண்டினேன். அந்த ஏற்றத்தின் பதிவை அவருக்கு அனுப்பிவைத்தேன். மறுநாள் காலை பதில் வந்தது: வழுக்கல் இல்லை, காற்றின் வெப்பம் சரி, மூன்றாவது சிலிண்டர் மட்டும் ஒன்றரை டிகிரி தாமதம் காட்டுகிறது, 60,000 கிலோமீட்டர் வரை காத்திராமல் அடுத்த ஆயில் மாற்றும்போதே பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். ஒர்க் ஷாப் அண்ணாச்சியிடம் அடுத்த திங்கட்கிழமைக்கு நேரம் கேட்டு வைத்திருக்கிறேன்.